படம் பார்த்து யாராவது முடிவெடுத்திருக்கிறீர்களா?

அமராவதிக்கரை கேட்கிறார்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம்பிக்கை ஊட்டும் பத்துப் படங்கள் என்ற பட்டியல் எனக்கு வேண்டாம். எங்கள் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் அது திங்கட்கிழமைதோறும் வந்து விழுகிறது. குத்துச்சண்டைக்காரர் விழுவார், எழுவார், நாங்கள் கவுன்டரைத் திறப்போம்.

நான் கேட்பது வேறு. ஒரு படத்தில் ஒருவர் எடுத்த முடிவைப் பார்த்துவிட்டு, சொந்த வாழ்க்கையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள், அல்லது போதும் என்று விட்டவர்கள், இங்கே யாராவது இருக்கிறீர்களா? எந்தப் படம், எந்த இடம்?

காரணமில்லாமல் கேட்கவில்லை. கரூரில் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காக இருக்கிறேன். அதிகாரி பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. தேர்வைப் பற்றி எனக்குப் பயமில்லை. அதற்குப் பிறகு எந்த ஊரில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள் என்பதுதான் பயம். மகள் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போதுதான் ஊன்றுகோல் இல்லாமல் சமையலறை வரை நடக்கிறார். கணவர் ஏற்றுமதி ஜவுளி நிறுவனத்தில் இருக்கிறார். சரக்கு அனுப்பும் தேதி நெருங்கினால் அவர் வீட்டுக்கு வருவது எங்களுக்கே செய்தி. போகவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன் விருப்பம் என்கிறார். சண்டை போட்டாலாவது எனக்கு ஒரு பக்கம் கிடைத்திருக்கும்.

இந்த நிலையில், போன ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ‘அவள் ஒரு தொடர்கதை’ ஓடியது. பாலசந்தர் 1974-இல் எடுத்தது. சுஜாதாவின் கவிதா வேலைக்குப் போகிறாள். வீட்டில் குடிகார அண்ணன், அவன் மனைவி மக்கள், கணவனை இழந்த தங்கை, இன்னொரு தங்கை, பார்வையற்ற தம்பி, அம்மா. எல்லார் தட்டிலும் விழும் சோறு அவள் சம்பளம். படம் முடிந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார், அந்தக் காலத்திலேயே ஒரு பெண் எப்படிக் குடும்பத்தைத் தாங்கியிருக்கிறாள் என்றார். எனக்கு வந்த கோபத்தில் ரிமோட்டை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

அலுவலகத்தில் ஒரு தோழியிடம் சொன்னேன். அவள், நீ பார்க்க வேண்டிய படம் ‘மறுபடியும்’ என்றாள். 1993, பாலு மகேந்திரா. இந்தியில் வந்த ‘அர்த்’ படத்தின் மறுஆக்கம். ரேவதி கடைசியில், திரும்பி வந்த கணவனையும் ஏற்கவில்லை, அன்பாக இருந்த நண்பனையும் ஏற்கவில்லை, வேலைக்காரப் பெண்ணின் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தன் வழியில் போகிறாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கணவர் யாரோடும் போகவில்லையே. அவர் ஜவுளி மூட்டையோடுதான் இருக்கிறார்.

ஒரு படம் இரு என்கிறது, ஒரு படம் போ என்கிறது. இரண்டையும் எடுத்தவர்கள் ஆண்கள் என்பதை ஓரமாக எழுதி வைத்துவிட்டுக் கேட்கிறேன். படத்திலிருந்து இப்படி ஒன்றை எடுத்துக்கொள்ள முடியுமா, அல்லது நமக்கு ஏற்கெனவே வேண்டியதைத்தான் அதில் தேடிக்கொள்கிறோமா?

---

பழைய காசாளர்:

முடியாது. சுற்றறிக்கையைப் படியுங்கள்.

நானும் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன்தான். பதவி உயர்வை மறுத்தால் அடுத்த வாய்ப்புக்கு எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். அதை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெண் ஊழியர்களை இயன்றவரை கணவரோ பெற்றோரோ இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் அமர்த்தும்படி மத்திய நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ‘இயன்றவரை’ என்ற இடத்தில்தான் மண்டல அலுவலகம் குடியிருக்கும். இருந்தாலும் எழுத்தில் கேட்டவர்களுக்கு ஒரு மதிப்பு உண்டு.

சுஜாதா, ரேவதி எல்லாம் நல்ல நடிகைகள். மனிதவளப் பிரிவில் அவர்களுக்குச் செல்வாக்கு இல்லை.

---

தாமிரபரணி வக்கீல்:

காசாளர் ஐயா சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. படம் முடிவெடுக்க வைக்கிறதோ இல்லையோ, படத்தை வைத்து மற்றவர்களை முடிவெடுக்க வைக்கிறார்கள். குடும்பநல நீதிமன்றத்தில் பணிபுரிவதால் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

‘மௌன ராகம்’ வந்தது 1986. அப்பாவுக்கு மாரடைப்பு வந்த நேரத்தில் மனமில்லாமல் கழுத்தை நீட்டிய திவ்யா, டெல்லிக்குப் போன பிறகு, உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்து கேட்பாள். திருமணமாகி ஓராண்டு ஆகாமல் மனு போட முடியாது என்று வக்கீல் சொல்லிவிடுவார். அது கதைக்காகச் செய்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்திலேயே இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. மனு போடுபவருக்கு மிகக் கடுமையான துன்பமோ, எதிர்த்தரப்பின் மிகக் கொடிய நடத்தையோ இருந்தால் மட்டும் அதற்கு முன்பே மனு போட நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

எங்களிடம் வரும் பெரியவர்கள் பெண்ணைப் பார்த்து, அந்தப் படத்தில் ஒரு வருடம் சேர்ந்து இருந்தார்களே, சரியாகிவிட்டதே, நீயும் இருந்து பார் என்பார்கள். அந்த ஒரு வருடத்தில் கணவன் என்ன செய்தான் என்பது மட்டும் அவர்கள் நினைவில் இருப்பதில்லை. கேட்டதும் தானே வக்கீலிடம் அழைத்துப் போனான். ஒரே வீட்டில் அவளுக்கு இடம் விட்டு விலகி இருந்தான். கடைசியில் ரயில் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தான். இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையோ, அவள் கைப்பேசியைப் பிடுங்கி வைத்திருப்பார்.

ஆகவே தோழி, உங்கள் அம்மா கவிதாவைக் காட்டியதும் உங்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. படத்தில் தனக்கு வேண்டிய பாதியை வெட்டி எடுத்துத்தான் எல்லாரும் நம் கையில் கொடுக்கிறார்கள்.

---

கேபின்காரர்:

அம்மா, வணக்கம். நான் எட்டாவது வரை படித்தவன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தட்டச்சு செய்கிறாள். தமிழ் நன்றாக இருந்தால் பாராட்டு அவளுக்கு, வழவழவென்று போனால் குற்றம் எனக்கு.

தேனிப் பக்கம் ஒரு தியேட்டரில் 1977-இல் உதவியாளாகச் சேர்ந்து, டிஜிட்டல் வந்து பிலிம் பெட்டி நின்றுபோகும் வரை ஆபரேட்டராக இருந்தேன். நீங்கள் ஒரு படத்தை ஒருமுறை, பிடித்தால் இரண்டு முறை பார்ப்பீர்கள். எனக்கு அது தினமும் சோறு போடும் வேலை. ஆனால் ஒரு படத்தையும் நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டை ஒட்டி ஏற்றினாலும் இருபத்திரண்டு நிமிடம்தான். அதற்குள் பக்கத்து இயந்திரத்தில் அடுத்த ரீலை மாட்டி, கார்பன் குச்சிகளை நெருக்கி வெளிச்சத்தைச் சரிசெய்து, துவாரத்தின் வழியே திரையின் வலது மேல் மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ரீல் முடியப்போவதைக் காட்டும் முதல் புள்ளி அங்கே தெரிந்ததும் பக்கத்து இயந்திரத்தின் மோட்டாரைப் போட வேண்டும். அடுத்த புள்ளிக்கு மாற்ற வேண்டும். கண் சிமிட்டினால் திரை வெள்ளையாகிவிடும், கீழேயிருந்து என் தாயாரை விசாரிப்பார்கள்.

அதனால் கதை எனக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். கூட்டம்தான் முழுதாகத் தெரியும். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் பீடி பற்ற வைத்தார்கள், கடைசிக் காட்சிக்கு முன்பே செருப்பைத் தேடியவர் யார் என்று சொல்வேன்.

‘முள்ளும் மலரும்’ 1978-இல் வந்தது. எங்கள் ஊருக்குப் பெட்டி வர வழக்கம்போலத் தாமதமானது. மகேந்திரன் இயக்கிய முதல் படம். காளி, மலையில் கம்பிவடத்தால் வண்டியை இழுத்து ஏற்றி இறக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். தங்கை வள்ளி என்றால் உயிர். புதிதாக வந்த இன்ஜினீயரைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. வேலை போகிறது, லாரிச் சக்கரத்தில் கை போகிறது, தங்கையோ அந்த இன்ஜினீயரையே விரும்புகிறாள். கடைசியில் ஊர்க்காரர்களும் காளியின் மனைவியும் சேர்ந்து வள்ளியைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போகிறார்கள். வழியில் அண்ணன் நிற்கிறான். வள்ளி எல்லாரையும் விட்டுவிட்டு அவனிடம் ஓடி வருகிறாள். இத்தனை பேருக்கு நடுவிலும் என் தங்கைக்கு நான்தான் பெரிது என்று அவனுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் அவனே அவளை இன்ஜினீயரிடம் சேர்த்து வைக்கிறான். உன்னை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லவும் செய்கிறான்.

தியேட்டர் அதிரும். காளியாக நடித்த ரஜினிக்கு விழுந்த கைதட்டல் எல்லாம் ஆண்கள் பக்கம். அந்தக் காலத்தில் எங்கள் தரை டிக்கெட்டில் பெண்களுக்குத் தனிப்பக்கம், நடுவில் இடுப்பளவு சுவர். அந்தப் பக்கத்தில் கைதட்டல் இருக்காது. முந்தானையால் மூக்கைத் துடைப்பார்கள். நான் நெடுங்காலம் இது அண்ணன் தங்கை பாசத்துக்கான அழுகை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கீழே டிக்கெட் கிழிக்கும் அம்மாள் ஒருத்தி இருந்தார். அவர்தான் ஒருநாள் டீ கொண்டுவந்தபோது கேட்டார்: அந்தப் பெண் திரும்பி ஓடாமல் நேராகப் போயிருந்தால் இந்த ஆள் என்ன செய்திருப்பான்?

அதற்கு என்னிடம் பதில் இல்லை. படத்திலும் இல்லை. காளி நல்லவனாக நம் முன்னால் நிற்க, முதலில் வள்ளி தன் ஆசையைப் பாதி வழியில் கீழே போட வேண்டியிருக்கிறது. அதைப் போட்ட பிறகுதான் அவன் எடுத்துக் கையில் கொடுக்கிறான். படத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், என் மனதுக்கு அதைவிடப் பெரிய படம் குறைவு. மகேந்திரனும் இதை மறைக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறார். பார்க்காதது நாங்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யார் முடிவெடுக்கிறார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த முடிவின் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று பார்ப்பேன்.

உங்கள் கவிதா கதைக்கு வருகிறேன். அண்ணன் திருந்திவிட்டான், குடும்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். கவிதாவுக்கும் கல்யாணம் கூடி வருகிறது. அந்த நேரம் பார்த்து அண்ணனைக் கொன்றுவிடுகிறார்கள். கவிதா தன் மாப்பிள்ளையைத் தங்கைக்குக் கட்டிவைத்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். எல்லாரும் தியாகம் என்பார்கள். எனக்கென்னவோ அங்கே அவளுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை என்று படும். கத்தியை எழுதியவர் பாலசந்தர். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். அவள் உண்மையாகவே தேர்ந்தெடுத்த இடம் அதற்கு முன்னால் வருகிறது. தான் விரும்பியவன் கணவனை இழந்த தங்கை மேல் மனம் வைத்ததும், அவர்கள் கல்யாணத்தைத் தானே நடத்தி வைக்கிறாளே, அங்கே கத்தி இல்லை. அவள் வேறு மாதிரி நடந்திருக்கலாம். அந்த ரீல் ஓடும்போது தியேட்டரில் சத்தமே இருக்காது. அதைப் பற்றி வெளியே போகிறவர்களும் பேச மாட்டார்கள், கடைசிக் காட்சியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

நம் வீட்டில் அண்ணன்கள் அப்படி ஒரே நாளில் திருந்துவதும் இல்லை, மணமேடைக்கு முன்னால் சாவதும் இல்லை. பாதி திருந்தியபடியே பல வருடம் இருப்பார்கள். அதைப் படமாக எடுத்தால் பெட்டியை விநியோகஸ்தர் வாங்க மாட்டார்.

எடுத்தவர் ஒருவர் உண்டு. நீங்கள் ‘மறுபடியும்’ பார்த்ததாகச் சொன்னீர்கள். அதே பாலு மகேந்திரா 1988-இல் எடுத்த ‘வீடு’ பாருங்கள். அது எங்கள் தியேட்டருக்கு வரவே இல்லை. ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படம் போடுவார்களே தூர்தர்ஷனில், அதில்தான் பார்த்தேன். ரீல் மாற்றும் கவலை இல்லாமல் உட்கார்ந்து பார்த்த படம். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், தாத்தாவின் மனை இருக்கிறது, வீடு கட்டலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு வசனம் பேசி எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. கடன் விண்ணப்பம், வரைபடத்துக்கு அனுமதி, காண்டிராக்டருக்கு முன்பணம் என்று ஒவ்வொரு காகிதமாக நகர்கிறாள். சிமெண்ட் திருட்டுப் போவதைக் கண்டு சொல்பவள் சித்தாள் மங்கம்மா. அவள் சொன்னதும் என்ன செய்வது என்று சுதாவுக்கு உடனே தெரியாது. அந்தத் திணறல் எனக்குப் பிடித்தது. கடைசியில் அந்த நிலமே குடிநீர் வாரியம் எப்போதோ கையகப்படுத்தியது என்று வந்து நிற்கிறார்கள்.

ஏன் கட்டினாய் என்று அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு யாரும் கேட்க மாட்டார்கள். கட்டியிருக்கக் கூடாது என்றும் சொல்ல மாட்டார்கள். அந்த அளவுக்கு நியாயமாக எடுத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. உங்கள் தாயார் சொன்னதும் கோபம் வந்ததே, அதிலேயே உங்கள் பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இரு என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறவர் மனதில் ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டார்.

---

அமராவதிக்கரை:

ஐயா, உங்கள் பேத்திக்கு முதலில் என் பாராட்டு. டிக்கெட் கிழித்த அம்மாளின் கேள்வியை நேற்று இரவு முழுக்கச் சுமந்துகொண்டிருந்தேன். கணவரிடமும் கேட்டேன், வள்ளி திரும்பாமல் போயிருந்தால் என்று. அவர் யோசித்துவிட்டு, காளி கல்யாணத்துக்கு வந்திருக்க மாட்டான், ஆனால் குழந்தை பிறந்ததும் பார்க்க வந்திருப்பான் என்றார். திருமணமாகி இத்தனை காலத்தில் அவர் சினிமா பற்றிச் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான்.

‘வீடு’ பார்த்தோம். நீங்கள் காகிதம் என்று சொன்னது எனக்கு வேறு மாதிரி பட்டது. நான் கடன் பிரிவில் இருந்திருக்கிறேன். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, கதவு, ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, கூரை போட்டால் ஒரு தவணை என்றுதான் வீட்டுக் கடனை விடுவிப்போம். அடுத்த தவணை வருவதற்குள் கையில் பணம் தீர்ந்து, கவுன்டருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முகங்களை எனக்குத் தெரியும். சுதா அலையும் ஒவ்வொரு இடத்திலும் என் பக்கத்து மேசைதான் தெரிந்தது. பொறுமையாக வந்து நிற்கிறார்கள், நாம் ஒரு சான்றிதழைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறோம். முடிவெடுத்தவர்களை எதிர்ப் பக்கத்திலிருந்தே இவ்வளவு நாள் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சித்தாள் மங்கம்மாவை அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கவிதாவைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

ஆனால் கோபத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்க மாட்டேன் ஐயா. பெட்டியெல்லாம் கட்டவில்லை. போ என்று தோழி சொன்னபோதும் அதே அளவு கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் களைப்பு. கணக்கு முடித்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, குக்கர் வைத்துவிட்டு உட்கார்ந்த பெண்ணிடம், இன்னொரு பெண் எவ்வளவு தாங்கினாள் என்று சொன்னால் யாருக்கும்தான் வரும்.

---

பறக்காத பாஸ்போர்ட்:

கேள்விக்கு நேரான பதில் என்னிடம் ஒன்று உண்டு. நான் படம் பார்த்து முடிவெடுத்தவன். சிரிக்கலாம்.

அறந்தாங்கிப் பக்கம் ஊர். வெளிநாட்டு வேலைக்கு ஒரு ஏஜென்ட் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார். எனக்கு இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ், வங்கியில் இல்லாத இருப்புக்கு ஒரு தாள். அந்த வாரம்தான் நண்பன் அறையில் ‘ஆண்டவன் கட்டளை’ போட்டான். மணிகண்டன் 2016-இல் எடுத்தது. விசா எளிதில் கிடைக்கும் என்று விஜய் சேதுபதியின் பாஸ்போர்ட்டில் இல்லாத மனைவிக்கு ஒரு பெயரை எழுதி வைப்பார்கள், கார்மேகக்குழலி என்று. விசா கிடைக்காது. பெயர் மட்டும் பாஸ்போர்ட்டில் தங்கிவிடும். பிறகு அந்தப் பெயரை நீக்க, இல்லாத மனைவியிடமிருந்து விவாகரத்து வாங்க வேண்டும். அதற்கு அந்தப் பெயருள்ள ஒரு பெண்ணைத் தேட வேண்டும்.

அறையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கால் சில்லென்று ஆனது. பொய் சொன்னால் பாவம் என்று அந்தப் படம் எங்கேயும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பொய்யைத் திரும்ப எடுக்க எத்தனை அலுவலக வாசலில் நிற்க வேண்டும் என்று மட்டும் காட்டியது. எனக்கு வரிசையில் நிற்பது சுத்தமாகப் பிடிக்காது. மறுநாள் ஏஜென்டிடம் தாள்களைத் திருப்பிக் கேட்டேன். முன்பணம் போனது போனதுதான்.

இப்போது ஊரிலேயே மோட்டார் பம்பு பழுது பார்க்கிறேன். அங்கே போயிருந்தால் நன்றாக இருந்திருப்பேனோ என்னவோ. அது தெரியாது, அக்கா. தெரிந்தால் சொல்கிறேன்.

---

கேபின்காரர்:

களைப்பு என்று சொன்னீர்கள், சரி அம்மா. ஒரு திருத்தம் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். கீழே சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கைத் துடைத்தவர்களும் பாசத்துக்காக அழவில்லை, களைப்பில் அழுதார்களோ என்று இப்போது தோன்றுகிறது. கேட்டு உறுதி செய்ய டிக்கெட் கிழித்த அம்மாள் இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் காளியைப் பற்றிச் சொன்னது மகேந்திரனுக்கே தோன்றியிருக்காது. அவரிடம் இன்னும் இரண்டு படம் கேட்டுப் பாருங்கள். ‘உதிரிப்பூக்கள்’ கடைசியில் ஆற்றங்கரையில் நிற்கும் ஊர்க்காரர்களைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசை. ஒருவனை ஆற்றில் இறங்கச் செய்துவிட்டு நிற்கிறார்களே, அந்த முடிவை அவர்களில் யார் எடுத்தது?

---

பழைய காசாளர்:

எல்லாரும் ஆற்றங்கரையில் நிற்கிறீர்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றைக்கு?

---

அமராவதிக்கரை:

வெள்ளிக்கிழமை ஐயா. திட்டாதீர்கள், படிவத்தைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன பிறகு சுற்றறிக்கையை முழுதாகப் படித்தேன். விரும்பும் இடங்களை வரிசைப்படுத்தி எழுத ஒரு பகுதி இருக்கிறது. மறுத்தால் என்ன ஆகும் என்பதும் இணைப்பில் இருக்கிறது, நினைத்த அளவு மோசமில்லை. எழுதிவிட்டு, தேர்வாகி, இடம் தெரிந்த பிறகுகூட வேண்டாம் என்று சொல்லலாமாம். இத்தனை நாள் இதைப் படிக்காமல் சுஜாதாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள், தெரியும்.

கணவர் நேற்று தானாகவே, பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் மாதம், சரக்கு நெருக்கடி எந்த மாதங்களில் வரும் என்று நாட்காட்டியில் குறித்துப் பார்த்தார். படம் பார்த்ததால் வந்த மாற்றமா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

முதலில் கோவை, அடுத்து மதுரை என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது இடத்தை விட்டுவிடலாமா?

---

பழைய காசாளர்:

விடாதீர்கள். காலியாக விட்ட இடத்தை அவர்கள் நிரப்புவார்கள், நிரப்பினால் வடகிழக்கு.

கேரளம் என்று எழுதுங்கள். பாலக்காடு கிடைத்தால் உங்களுக்கு யோகம். திருச்சி – பாலக்காடு ரயில் கரூர் வழியாகத்தான் போகிறது. கணவர் பணிபுரியும் ஊர் என்ற இடத்தில் கரூரைத் தெளிவாக எழுதி, அவர் நிறுவனத்திலிருந்து ஒரு சான்றும் வாங்கி இணைத்துவிடுங்கள். சரக்கு அனுப்பும் தேதிக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.